பெயர் கேட்காத ஃப்ரெண்டு

ஃப்ரீமான்ட் சமூகக் கூடத்தின் முன்பதிவுத் தாளில் அந்த அறைக்கு நேராக ‘தமிழ் பேட்மின்டன் குழு, ஆலோசனைக் கூட்டம்’ என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசப்போகிறார்கள் என்று எழுதியிருந்தால் ஒருவனும் வந்திருக்கமாட்டான். மாவட்ட நிர்வாகமான கவுன்டியின் மனநலத் திட்டம் அது. அதே திட்டத்தில் புதன்கிழமைதோறும் கறுப்பின ஆண்கள் ஒரு முடிவெட்டும் கடையில் கூடினார்கள், வெள்ளிக்கிழமை ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவர்கள் யாரும் கூட்டத்தின் பெயரை மறைக்கவில்லை. தமிழர்கள்தான் தோளில் மட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் பெண்டாட்டி கேட்டால் காட்டவேண்டுமே.

அச்சுதன் மட்டை இல்லாமல் வந்தான். லிவர்மோரிலிருந்து மலை தாண்டி முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். கோவிலில் யாரோ கொடுத்த துண்டுச்சீட்டில் வேலுமணி என்ற பெயரும் இந்த அறை எண்ணும் இருந்தன. ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பது அவன் கணக்கு.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் ‘நான்’ என்று ஆரம்பிக்கமாட்டார்கள். ‘என் ஃப்ரெண்டு ஒருத்தன்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஃப்ரெண்டுக்குத் தூக்கம் வராது. அந்த ஃப்ரெண்டு பதிமூன்று வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்பான். பாத்ரூமில் ஷவரைத் திறந்துவிட்டு அழுவான். அவன் பெயரை யாரும் கேட்பதில்லை. ‘நான்’ என்று பேசவைக்க வேண்டும் என்றுதான் கவுன்டிக்காரர்கள் குழுவை நடத்தும் வேலுமணிக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தார், பாதி நாற்காலி காலியாகிவிட்டது. மூன்றாம் வாரம் அவர் ஃப்ரெண்டையே வரச்சொல்லிவிட்டார்.

இதெல்லாம் அச்சுதனுக்குத் தெரியாது. முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “என் ஃப்ரெண்டு ஒருத்தன்” என்று ஆரம்பித்தான்.

எல்லோரும் தலையாட்டினார்கள்.

“டெக்சாஸ்ல, ஆலன்ல இருக்கான். காலேஜ்ல நாலு வருஷம் ஒரே ரூம். ரெண்டு மாசமா பேச்சே சரியில்ல. போன வாரம் அவனோட கேமராவ எனக்கு பார்சல்ல அனுப்பிட்டான். யாரையும் தொட விடமாட்டான் அத. ஏன்டான்னா, இனிமே எனக்கெதுக்குடாங்கறான். பாஸ்வேர்டெல்லாம் பேப்பர்ல எழுதி வச்சிருக்கானாம். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.”

வேலுமணி மெல்ல முன்னால் சாய்ந்தார். ஐம்பது வயது இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்து ஆள், கிடங்கில் மேற்பார்வையாளர்.

“ஏனுங், இப்ப சாகணும்னு தோணுதுங்களா உங்க ஃப்ரெண்டுக்கு?”

“தெரியலங்க.”

“உங்களுக்கே தெரியலீங்களா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

பக்கத்திலிருந்த ஷ்ரேயஸ் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான். முப்பத்தைந்து வயது, மென்பொருள்காரன், எதையும் உடனே சரிசெய்துவிடும் வியாதி உள்ளவன். “குடிங்க பாஸ். இன்னிக்கு நீங்க டிரைவ் பண்ண வேணாம். நான் ட்ராப் பண்றேன்.” மேஜைமேல் இருந்த அச்சுதனின் கார் சாவி அவன் கைக்குப் போயிருந்தது.

“சாவிய ஏன் எடுக்கறீங்க?”

“சும்மா. சேஃப்டிக்கு.”

“ஹலோ, எனக்கு ஒண்ணுமில்ல. நெஜமாவே ஃப்ரெண்டு.”

“ஆமா ஆமா, ஃப்ரெண்டுதான்,” என்றார்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில். அவ்வளவு அன்பாகச் சொன்னார்கள். அச்சுதனுக்கு அறைந்துவிடலாம் போல இருந்தது.

“யோவ், அவன் பேரு வாஞ்சிநாதன்யா!”

இந்த அறையில் அதுவரை எந்த ஃப்ரெண்டுக்கும் பெயர் இருந்ததில்லை. ஷ்ரேயஸ் சாவியைத் திரும்ப மேஜைமேல் வைத்தான்.

வேலுமணிதான் முதலில் சுதாரித்தார். “நேரா கேட்டீங்களா அவரை?”

“எத?”

“இப்ப நான் உங்களைக் கேட்டனே, அதை.”

“அத எப்படிங்க கேக்கறது? நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாது?”

“ஆகாதுங்க. அந்த நெனப்பு உங்களைக் கேட்டு வர்றதில்ல. கேட்டா பாரம்தான் கொறையும். இப்பவே கூப்பிடுங்க. நாங்க வெளிய போயிக்கறோம்.”

“வேணாம்,” என்றான் அச்சுதன். “எல்லாரும் இருங்க.”

ஏழாவது தரம் மணி அடித்த பிறகுதான் வாஞ்சி ஃபோனை எடுத்தான்.

“டேய், ஒரு ரூம்ல இருக்கேன். சுத்தி ஆளுங்க இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடவா?”

“போடு போடு. எனக்கென்ன.” அந்த ‘எனக்கென்ன’வை எல்லோரும் கேட்டார்கள்.

“எங்கடா இருக்க?”

“கடை பார்க்கிங் லாட்ல. காய் வாங்கிட்டு வரச்சொன்னா பவளம்.” பவளம் வாஞ்சியின் மனைவி.

“வாங்கிட்டியா?”

“பத்து மணிக்கே வாங்கிட்டேன்.”

இங்கே பத்தரை என்றால் டெக்சாஸில் அப்போது பன்னிரண்டரை. அச்சுதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு வெயிலைப் பற்றிக் கேட்டான். மகள் அனன்யாவின் காலேஜைப் பற்றிக் கேட்டான். பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவப்போன நேரத்தில் வேலுமணி தன் முழங்காலால் அவன் முழங்காலை இடித்தார்.

“வாஞ்சி, செத்துப்போகணும்னு நெனைக்கிறியாடா?”

மறுமுனையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் வந்தது, போனது.

“தினமும்டா,” என்றான் வாஞ்சி. பல் தேய்க்கிறாயா என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

அச்சுதன் ஃபோனை மேஜைமேல் வைத்தான்.

“இன்னிக்கு?”

“இன்னிக்கு வீட்டுக்குப் போக முடியல. ஏன்னு தெரியல. சிரிச்சிட்டே உள்ள போகணும்ல. டேய், பவளத்துகிட்ட சொல்லிடாத. சத்தியம் பண்ணு.”

ஹாஸ்டல் காலத்திலிருந்து இருவருக்கும் நடுவே இதுதான் சட்டம். வாஞ்சியின் சிகரெட்டிலிருந்து மூன்றாம் வருட அரியர் வரை அச்சுதன் எதையும் வெளியே சொன்னதில்லை. ‘சத்தியமா’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேலுமணி தலையை இடமும் வலமும் ஒரே ஒரு தரம் அசைத்தார்.

“பண்ணமாட்டேன். சொல்லத்தான் போறேன்.”

“துரோகிடா நீ.”

“ஆமா. திட்டு. லைன்ல இருந்தே திட்டு. கட் பண்ணாத.”

வாஞ்சி திட்டினான். இருபத்தைந்து வருடமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் எடுத்தான். அச்சுதனின் அப்பாவின் வழுக்கையைக்கூட விடவில்லை. அதற்குள் அச்சுதன் பவளத்தின் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, வேலுமணி அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியே அவர் ஒரு கையைக் காற்றில் அழுத்தியபடி நிதானமாகப் பேசுவது தெரிந்தது. திரும்பி வந்து தாளின் பின்பக்கம், ‘பக்கத்து வீட்டு வண்டியில் வருகிறார். பதினைந்து நிமிடம். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 நம்பரும் கொடுத்திருக்கிறேன், எந்நேரமும் எடுப்பார்கள்’ என்று எழுதிக் காட்டினார்.

பதினைந்து நிமிடம் என்பது சின்ன நேரமில்லை. வாஞ்சிக்குத் திட்டு தீர்ந்துபோனது. அச்சுதன் திரும்பவும் வெயிலைப் பற்றிக் கேட்டான்.

“சார், நான் ஷ்ரேயஸ்,” என்றது ஒரு குரல். “நான் உங்களுக்கு யாருமில்ல. ஆனா நானும் ஆபீஸ் பார்க்கிங் லாட்ல உக்காந்திருந்தவன்தான் சார். மூணாவது ஃப்ளோர்ல. டெய்லி ஒன் அவர். எதையும் பாக்கமாட்டேன், சும்மா சுவரத்தான் பாப்பேன்.”

“எத்தன நாளா?” என்றான் வாஞ்சி.

“ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. இப்ப டாக்டர்கிட்ட போறேன். மாத்திரை சாப்பிடறேன். கொஞ்சம் வெயிட் போட்டுட்டேன். ஆனா சுவரப் பாக்கறதில்ல.”

“மாத்திரை சாப்ட்டா மூளை மழுங்கிடாதா?”

“அதெல்லாம் இல்ல சார். மழுங்கற அளவுக்கு முன்னாடியும் பெருசா ஒண்ணும் இல்ல.”

மறுமுனையில் ஒரு மூச்சு வந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது. ஆனாலும் அறையிலிருந்த எல்லோரும் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது அங்கே கார்க் கதவு திறந்தது. பவளத்தின் குரல் கேட்டது. அழுகையும் இல்லை, அதட்டலும் இல்லை. “நகருங்க. அந்தப் பக்கம் உக்காருங்க. நான் ஓட்டறேன்.”

சீட் பெல்ட் மாட்டும் சத்தம் இரண்டு தரம் கேட்டது. பிறகு பவளம் ஃபோனை வாங்கினாள்.

“அண்ணா, நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவர் சரின்னுட்டாரு. நீங்க வர முடியுமா?”

“திங்கக்கிழம ஆபீஸ்ல சொல்லிட்டு—”

“திங்கக்கிழம வேணாம்ணா. இன்னிக்கு வாங்க. நீங்க பேசினாதான் அவருக்குக் கோபமாவது வருது.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அச்சுதன் அந்தத் தண்ணீரை முழுவதும் குடித்தான். சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

ஷ்ரேயஸ் ஏற்கெனவே தன் ஃபோனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். “ஓக்லாண்ட்லேர்ந்து மூணே காலுக்கு ஒரு ஃப்ளைட் இருக்கு பாஸ். நடு சீட்டுதான் இருக்கு. ஓகேவா?”

“போடுங்க,” என்றான் அச்சுதன்.