திரையில் மறைத்துவைத்த மின்னல்

நான் மின்னலை எண்ணுகிறவன். "இடிமேகத்துக்கு வருகைப்பதிவு எடுக்கிறார்" என்பாள் மனைவி. வெயில் படாத அறை, மூன்று திரைகள், ஆறிப்போன காபி. இதுதான் என் வீரம். அவள் தம்பி அப்படியில்லை. வேனில் கருவிகளோடு மேகத்தின் அடிக்கே போய், காற்றை அளக்கும் பலூன் விடுவான். நான் நில் என்றால் நிற்பான், கிளம்பு என்றால் கிளம்புவான்.

அன்று நாலரை மணிக்குப் போனில் கேட்டான்.

"மாமா, எப்படி இருக்கு? பலூன் விட இன்னும் பத்து நிமிஷமாகும்."

நிமிடத்துக்கு நாற்பது வெட்டிய மின்னல் திரையில் மூன்றாகக் குறைந்திருந்தது.

"அடங்கிருச்சு மாப்ள. நிதானமா விடு."

"காத்து என்னமோ மேகத்தைப் பார்த்து இழுக்குதே."

"உன்னைத் தூக்கணும்னா பெருங்காத்து வேணும். பயப்படாதே."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. அடங்குகிற மேகம் காற்றை உள்ளே இழுக்காது.

முந்தின நாள் ஓர் அறிக்கைக்குப் படம் எடுத்தபோது, புள்ளிகள் எறும்பாய் மொய்க்கிறதே என்று மேகத்துக்குள்ளேயே வெட்டும் மின்னலை மறைத்துவைத்தவன், திரும்பக் காட்டவிட மறந்திருந்தேன். தரையில் விழுவது மட்டும்தான் தெரிந்தது. சுழற்காற்று இறங்குமுன் பல சமயம் தரைமின்னல் குறையும், உள்மின்னல் எகிறும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைப் பாடம் எடுக்கிற மேதையும் நான்தான்.

மறைத்ததைக் காட்டும் பொத்தானைத் தட்டினேன். புள்ளிகளால் திரை வெளுத்துப்போனது. நிமிடத்துக்கு நானூறு. நடுவில் மட்டும் புள்ளியே இல்லாத ஒரு வட்டம்: காற்று மேலே பீறிடும் இடம். அதன் ஓரத்தில் வேன்.



"மாப்ள, எல்லாத்தையும் போட்டுட்டு தெற்கே ஓட்டு. இப்பவே."

"அடங்கிருச்சுன்னீங்களே?"

"நான் ஒரு முட்டாள். அதை அப்புறம் சாவகாசமா பேசலாம்."

"அதுல பேச என்ன இருக்கு மாமா" என்றான். கதவு அறையும் சத்தம். இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை.

எண்ணத் தெரிந்தவன், நிமிடங்களை எண்ணினேன். மனைவியின் எண்ணை எடுத்தேன், வைத்தேன். படம் அழகாக இருக்கட்டும் என்று உன் தம்பியை அங்கே நிறுத்தினேன் என்றா சொல்வது?

பதினோராவது நிமிடம் போன் அடித்தது.

"பாலம் தாண்டிட்டேன். நான் நின்ன இடத்துல ஒரு கொட்டகை இருந்துச்சு. அது இப்ப இல்ல." என்றான். "அக்காகிட்ட சொல்லாதீங்க."

"நீ நின்னதைச் சொல்லல. நான் நிக்க வெச்சதைச் சொல்லணும்டா."



"சொல்லிக்குங்க. இப்ப மேகம் எந்தப் பக்கம் போகுது?"

பொத்தானை இரண்டு முறை சரிபார்த்த பிறகே வாயைத் திறந்தேன்.