பட்டியலில் இல்லாத இயந்திரம்

நர்ஸ் மேசைக்கடியில் மண்டியிட்டிருந்தவன் டேப்பைப் பல்லால் கிழித்தான். வார்டில் அவனை எல்லாரும் ‘வயர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. ஏழாம் கட்டிலில் அவள் அப்பாவின் இதயம் தடுமாறத் தொடங்கி ஐந்து நாள். தையல் கம்பெனியில் அவளுடைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டதாகக் கேள்வி.

"காலையிலேர்ந்து என்ன தம்பி பண்றே?"

"காவல் போடறேன்க்கா. போன வாரம் எவனோ வார்டு லைன்ல ஒரு சின்னப் பொட்டியைச் சொருகி, 'நான்தான் மெயின் மெஷின்'னு மத்த மெஷினையெல்லாம் நம்ப வச்சுட்டான். எல்லாம் அவன்கிட்டயே போய்ப் பேசியிருக்கு. இனிமே என் லிஸ்ட்ல நம்பர் இல்லாத எந்த மெஷின் பேச வந்தாலும் இது வாயை அடைச்சிரும்."

"முதல்ல உன் லிஸ்ட் சரியா?" என்றாள் நர்ஸ். "நீ கை வச்சாலே என் ஸ்கிரீன்ல ஒரு கட்டம் அணையுது."

"நாலு நாள் கேட்டேன் சிஸ்டர். நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், இன்னிக்கே முடின்னுட்டாரு ஆபீசர். நேத்து கட்டில் கட்டிலாப் போய் எழுதி கண்ணு பூத்துப்போச்சு."

திரையில் பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்துக்கொரு நாடித்துடிப்பு. நோயாளிகள் தூங்கவேண்டும் என்று கட்டிலருகே ஓசையைக் குறைத்திருந்தார்கள். ஏதாவது ஆனால் மேசையில்தான் அலறும்.

"ரெண்டு வாய் சாப்பிட்டு வாம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. அப்பாவை இங்கேர்ந்தே நான் பாத்துக்கறேன்" என்றாள் நர்ஸ்.

அவள் தயங்கினாள். அப்பா விரலை ஆட்டினார். "போய்ட்டு வா. நான் எங்க ஓடியா போயிடப் போறேன்?"

ஒரு டீ, ஒரு பன். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பியபோது ஏழாம் கட்டிலைச் சுற்றித் துணித்திரை இழுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே நர்ஸ் இரு கைகளாலும் அப்பாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் அழுத்தினாள்.

மேசைத் திரையில் ஏழாவது கட்டம் சாம்பல் நிறமாகிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. காலையிலிருந்தே கட்டங்கள் அணைவதும் வருவதுமாக இருந்ததால், இதுவும் வந்துவிடும் என்று நர்ஸ் இரண்டாம் கட்டிலில் வாந்தியைத் துடைக்கப் போயிருந்தாள். பன்னிரண்டு பேருக்கும் அவள் ஒருத்திதான்.

"சிஸ்டர்... ஏழாம் நம்பர் மானிட்டரை எப்ப மாத்தினாங்க?" வயர் பட்டியலில் இருந்த எண்ணையும் மானிட்டரில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான்.

அன்று காலை பழுதானதை எடுத்துக்கொண்டு, ஸ்டோரிலிருந்து வேறொன்றைத் தள்ளிவந்து மாட்டியிருந்தார்கள். தையல்காரிதான் ஸ்டூலை நகர்த்தி வழிவிட்டாள். வயரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்று யாருக்கும் தெரியவும் இல்லை.

மாலையில் உடலை வாங்கக் கையெழுத்துப் போட அவளை ஆபீசர் அறைக்கு அழைத்தார்கள். அங்கே நின்றிருந்த வயர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினான்.

மேசையில் இருந்த தாளை அவள் படித்தாள். ‘காவல் அமைப்பு சிறப்பாக இயங்குகிறது. முதல் நாளில் தடுக்கப்பட்ட போலி இயந்திரங்கள்: ஒன்று.’

"அது இல்லம்மா, அது நாளைக்கு வர்றவங்களுக்குக் காட்டவேண்டியது."

ஆபீசர் அதை மெல்ல இழுத்து, முனை மடங்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் செருகினார்.