வீரமுத்து உட்கார்ந்திருந்த நிழல்

வீரமுத்துவின் நிழல் ஆயிரத்தொரு ரூபாய்க்கு விலைபோனது. அவன் உட்கார்ந்திருந்த புளியமரத்தின் நிழலும் அதில் சேர்த்தி. இரண்டையும் பிரித்துக் கொடுக்க முடியாது. எண்பத்தெட்டாம் வருஷம் கள்ளக்குறிச்சியில் புளிய நிழல் பதினெட்டு ரூபாய்க்கும் வேப்ப நிழல் இருபத்திரண்டுக்கும் போய்க்கொண்டிருந்தபோது, இது கடைத்தெருவே வாய்பிளந்த விலை. வாங்கியவன் ரசீது கேட்கவில்லை. விற்ற காஜா பாய்க்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அந்த நிழல் படிந்திருந்த விரிப்பைத் தைத்தவள் வீரமுத்துவின் மனைவி அமிர்தம், வடக்கனந்தல்காரி. வாரத்துக்கு ஒருநாள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி, தையல்கடைகளில் வெட்டிப்போட்ட துண்டுத்துணியை மூட்டையாக வாங்கிப் போவாள். அதை இலை இலையாகக் கத்தரித்து, பழைய வேட்டிகளை அடுக்கிய விரிப்பின்மேல் ஊசியால் ஒட்டுப்போட்டு மரமாக்குவாள். ரவிக்கைத் துணியின் கிளிப்பச்சை தளிருக்கு, கல்யாணச் சட்டைகளின் சந்தனநிறம் பூவுக்கு, போலீஸ்காரர் உடுப்பில் மிஞ்சிய காக்கி அடிமரத்துக்கு. ஒரு விரிப்புக்கு மூன்று வாரம் பிடிக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜவுளிக்கடை வைத்திருந்த காஜா பாய் அதைப் பிரித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "இலை ஜாஸ்தி, பூ கம்மி" என்பார். அடுத்த தடவை பூவைக் கூட்டிக்கொண்டு போனால், "பூ ஜாஸ்தி, இலை கம்மி." இது சண்டை இல்லை. அவர்கள் இருவரும் நலம் விசாரித்துக்கொள்ளும் முறை.

வீட்டில் வெளிச்சம் போதாது. ஆகையால் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு புளியமரத்தடிதான் அமிர்தத்தின் பட்டறை. பக்கத்தில் வீரமுத்து உட்கார்ந்திருப்பான். மரம் அறுக்கிறவன், வேலையில்லாத நாளில் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பான். ஆனால் அவனுடைய உண்மையான திறமை உட்காருவதில்தான் இருந்தது. முழங்கால் இரண்டையும் மடக்கி, ஒரு கையை முட்டிமேல் போட்டு, மறு கையில் பீடியோடு அவன் உட்கார்ந்தால், பார்க்கிறவனுக்கும் கால் வலிக்க ஆரம்பித்து அவனும் உட்கார்ந்துவிடுவான். அப்படி உட்கார்ந்தவர்களில் சிலர் விரிப்பை விலை கேட்டதும் உண்டு.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. சாலையோர மரங்களை அறுத்துக் குறுக்கே போட்டார்கள். அந்த வாரத்தில் சொந்தமாக ரம்பம் வைத்திருந்தவனை யார் சும்மா விடுவார்கள்? வீரமுத்துவைக் கூப்பிட்டார்கள், போனான். கேட்பது நியாயம் என்றுதான் அவனும் நினைத்தான். முறை வந்தபோது அந்தப் புளியமரத்திலும் ரம்பம் வைத்தான். கொஞ்சநேரம் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றான் என்று கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். மரம் சாய்ந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அதே இடத்தில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். மரம் ரோட்டில் கிடந்தது. நிழல் பழைய இடத்தை விட்டு நகரவில்லை. அதை அவன் கவனிப்பதற்குள் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டது. அவன் எழுந்து ஓடிய வேகத்தில் அவனுடைய நிழலுக்கு எழுந்திருக்க அவகாசம் கிடைக்கவில்லை. கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலைமேல் ஏறும்வரை அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாரம் முடிந்ததும் லாரி வந்தது. அடிமரத்தையும் கிளையையும் ஏலம் விட்டார்கள், விறகுக்கடைக்காரர்கள் எடுத்தார்கள். அறுத்த மரம் ஒவ்வொன்றின் நிழலும் நின்ற இடத்திலேயே கிடந்தது; அதை யாரும் ஏலத்தில் சேர்க்கவில்லை. நடந்து போகிறவர்கள் வழக்கம்போல அதில் நின்று, மேலே பார்த்து, கொஞ்சம் குழம்பி, இருந்தாலும் குளுமையாக இருக்கிறதே என்று இளைப்பாறிவிட்டுப் போனார்கள். அமிர்தமும் கடைக்குப் போகும் வழியில் வேறொரு புளியமரத்தின் அப்படிப்பட்ட நிழலில் விரிப்பைப் போட்டுக் கூழ் குடித்தாள். எழுந்து விரிப்பை உதறி மடித்தபோது நிழலும் சேர்ந்து மடிந்துகொண்டது.

கடையில் பிரித்த காஜா பாய்க்கு அது பிடிக்கவில்லை.

"இன்னாம்மா இது, கறை?"

"கறை இல்ல பாய், நெழலு. ரோட்டுப் புளியமரத்துது."

பாய் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. வியாபாரி என்பதால் வியப்பை வெளியே விடவில்லை. "தொவச்சா போயிடுமா?"

"போவாது. கொஞ்சம் சுருங்கும்."

"அப்ப பன்னெண்டு ரூபா."

"மரத்துக்கு வயசு நூறு, பாய்!"

"பழைய சரக்குன்னு நீயே சொல்ற."

விரிப்புக்கு நாற்பது, நிழலுக்குத் தனியாகப் பதினெட்டு என்று முடிந்தது. அந்தக் கோடையில் தகரக் கூரைக்காரர்களும், பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவந்தவர்களும் தேடிவந்து வாங்கினார்கள். வேம்பு உடம்புக்கு நல்லது என்று நாலு ரூபாய் கூட. அமிர்தம் சாலையோரமாகவே நடந்து, ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கேற்ற மரத்தைத் தைத்தாள். தன் புளியமரத்து நிழலை மட்டும் தொடவில்லை. அதில் ஒரு ஆள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். யாரென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் வெயில் சாயும்போது அவன் தலை நீண்டு அவள் மடிவரை வரும்.

சேதி மலையிலிருந்து வந்தது. சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவரும் தைலம்மாள் அவளைத் தேடிப்பிடித்துச் சொன்னாள்: "ஒங்க வூட்டுக்காரரு எங்க ஊர்ல தான் இருக்காருக்கா. சாமை அறுக்கறாரு, ஒண்ணும் கொறையில்ல. ஆனா குந்த மாட்டேன்றாரு."

"கோவமா?"

"கோவம் இல்லக்கா. முட்டி மடங்கல. பாறையில குந்தச் சொன்னோம், கட்டில்ல குந்தச் சொன்னோம், ரெண்டு பேரு தோளப் புடிச்சு அழுத்திக்கூட பாத்தோம். சோறு துன்றது, தூங்கறது எல்லாம் நின்னுகினே தான்."

அமிர்தத்துக்குப் புரிந்துவிட்டது. அவன் உட்கார்தல் இங்கே கிடக்கிறது. ஆள் மட்டும் அங்கே நின்றுகொண்டிருக்கிறான். மரம் வெட்டிய வழக்கு இருக்கும்வரை அவனால் இறங்கிவர முடியாது. வரும் நாளில் விரித்து, அதன்மேல் நிறுத்தினால் போதும், கால் தானே மடங்கிவிடும். அதற்காகத் தன்னிடமிருந்த நல்ல துணியெல்லாம் போட்டு ஒரு விரிப்புத் தைத்து, நிழலை எடுத்து, நழுவிவிடாமல் ஓரம் முழுக்க நெருக்கமாகத் தையல் ஓட்டினாள். வீட்டில் வைத்துவிட்டு வர மனம் ஒப்பாமல் போகிற இடமெல்லாம் கையோடு கொண்டுபோனாள். தவறு என்று பார்த்தால் அவளுடையது அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் புருஷனுடைய வழக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க அவள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மூட்டையை அப்போதுதான் திறந்த கடையில் இறக்கினாள். "அத மட்டும் வித்துடாதீங்க பாய்." பாய் சிரித்தார். "ஒம் புருசன வித்து நான் இன்னா மாடியா கட்டப் போறேன்? போய்ட்டு வா."

அவள் தெருமுனை திரும்புவதற்குள் ஒரு கார் நின்றது. இறங்கியவன் வெள்ளைச் சட்டைக்காரன், வெளியூர். மூட்டையின் வாயில் தெரிந்த விரிப்பைத்தான் நேராகக் காட்டினான். இன்னும் போணி ஆகவில்லை. நாளின் முதல் ஆளிடம் 'இல்லை' என்ற சொல்லைச் சொன்னால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் பொதுவான சட்டம். இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று சொல்ல வியாபாரிகளுக்கு ஒரு வழி உண்டு: எட்டாத விலை சொல்வது. காஜா பாய் ஆயிரத்தொன்று என்றார். அவன் நூறு என்பான், இவர் வருத்தத்தோடு சிரிப்பார், அவன் போய்விடுவான். அப்படித்தான் அவருடைய அத்தா காலத்திலிருந்து நடந்துவந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் பர்ஸைத் திறந்து எண்ணி வைத்தான். சொன்ன விலையைத் திரும்ப வாங்குவதற்குக் கடைத்தெருவில் வழியில்லை. பாய் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் கார் போய்விட்டது. ஓடினார், ரயில்வே கேட் மூடியிருந்தால் பிடித்திருப்பார், ஆனால் கள்ளக்குறிச்சிக்கு ரயிலே கிடையாது.

திரும்பிவந்த அமிர்தம் மூட்டையைத் தடவிப் பார்த்தாள். பாய் எல்லாவற்றையும் சொன்னார். "நூறுக்கு கேப்பான்னு தான் சொன்னேன், அமிர்தம்."

"கேக்கலியா?"

"எண்ணி வச்சுட்டான்."

அவள் ரோட்டைப் பார்த்துக் கேட்டாள்: "ஒரு மனுசன் பேரமே பேசாம இருப்பானா பாய்?"

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவளும் அதே தெருவில் வியாபாரம் பழகியவள்; அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். பணத்தைத் தொடவில்லை.

அடுத்த வருஷம் இடஒதுக்கீட்டுக்கு அரசாணை வந்தது. வீரமுத்துவின் வழக்கும் தள்ளுபடியானது. மலையிலிருந்து இறங்கிவந்தவனை வெயிலில் பார்த்தவர்கள், காலடியில் ஒன்றும் விழாததைக் கண்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுவாசலில் வந்து நின்றான்.

"எங்கே அது, போடு. கால் வுட்டுப்போச்சு" என்றான். தைலம்மாள் அவனிடம் விரிப்பைப் பற்றிச் சொல்லியிருந்தாள். அது விற்றுப்போனதைச் சொல்லத்தான் தைலம்மாளுக்கு மனம் வரவில்லை.

அமிர்தம் விரித்தது வேறு. விற்ற புளிய நிழல்களில் ஐந்தாறை இரட்டை விலைக்குத் திரும்ப வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டாள், ஒவ்வொன்றிலும் ஏறி நின்றான். பிறகு குடைத்துணியில் முழங்காலை மடக்கிய ஆளைத் தைத்தாள். மூன்று மாத வேலை. பீடி நுனியில் சிவப்பு நூல்கூட வைத்தாள். அதன்மேலும் நின்றான். முட்டி மடங்கவில்லை. "தையல் நல்லாத்தான் இருக்குது" என்றான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. காஜா பாய் சேலம், திருச்சி, பெங்களூர் வியாபாரிகளுக்கெல்லாம் சொல்லியனுப்பினார். எங்கோ ஒரு பங்களாச் சுவரில் மத்தியான நேரத்தில் ஒரு நிழல் கால் மாற்றி உட்காருவதாக ஒரு லாரி டிரைவர் பார்த்திருக்கிறார். ஊர் பெயர் அவருக்கு ஞாபகமில்லை.

உட்கார முடியாதவனால் அடிமரத்தில் ரம்பம் இழுக்க முடியாது. ஆனால் ஸ்டூல் கேட்காத சேல்ஸ்மேன் என்றால் எந்த முதலாளிக்குக் கசக்கும்? கடைத்தெருவில் ஏழு பேர் போட்டி போட்டார்கள்; காஜா பாய் எல்லாரையும்விடக் கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொண்டார். வீரமுத்து இன்றைக்கும் அங்கே விரிப்புகளைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வெளியூர்க்காரர்கள்கூட இப்போது அவன் காலடியைப் பார்ப்பதில்லை. அமிர்தம் கடையின் ஒரு மூலையில் கோரைப்பாய் விரித்துத் தைக்கிறாள்; பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டே உட்காருகிறாள். நூல் கோக்க ஊசியை மேலே நீட்டுவாள், அவன் குனிந்து வாங்கிக்கொள்வான்.

வருஷக் கடைசியில் காஜா பாய் மஞ்சள் துணியில் முடிந்த ஆயிரத்தொன்றை அவள் முன்னால் வைப்பார். அவள் திரும்பத் தள்ளுவாள். பிறகு இருவரும் வாயாலேயே கணக்கு முடிப்பார்கள். புளிய நிழல் பதினேழு, வேம்பு நாலு: விற்றது. புருஷன் ஒன்று: வந்து சேர்ந்தது. உட்கார்தல் ஒன்று: வரவேண்டியது.