வடாலாவில் இறங்கியவர்கள்

அயர்லாந்தில் படிக்கும் ஜாக்குலின் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மும்பை வந்திருந்தாள். முதல் நாள் இரவு, நைட் டியூட்டி என்று சொல்லி அப்பா சந்தியாகு செம்பூர் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு மட்டும் நேராக வந்துவிட்டார். மூவரும் படகில் ஒரு சுற்றுப் போனார்கள். போட்டோவுக்கு அப்பாவும் அம்மாவும் தள்ளித் தள்ளி நின்றார்கள். அவள் அதட்டிய பிறகுதான் சேர்ந்து நின்றார்கள்.

திரும்பும் ரயிலில், வடாலா வந்ததும் அப்பா எழுந்தார்.

"செம்பூர் இன்னும் வரலியேப்பா. இன்னிக்கும் டியூட்டியா?"

"டியூட்டியெல்லாம் இல்ல மக்கா. ஈஸ்டருக்கு அப்புறம் இங்கதான் ரூம் எடுத்து இருக்கேன். எங்களுக்குள்ள ஒத்துவரல."

சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். ஜாக்குலின் அம்மாவைப் பார்த்தாள்.

"பரீட்சை நேரத்துல உங்கிட்ட எப்பிடிளா சொல்லுவேன்?" என்றாள் லூசியம்மாள். "நீ கூடப் போ. ராத்திரி ஒழுங்கா சாப்பிடுதாவளான்னு பாத்துட்டு வா."

ஜாக்குலின் ஓடிப்போய் இறங்கினாள். ரயில் நகர்ந்தது. ஜன்னலோரம் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிளாட்பாரத்தில் அவளைக் கண்டதும் அப்பா பதறினார்.

"அப்போ அம்மா தனியாவா போறா?"