முன்வீட்டுச் சாவி

அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த முன்வீட்டுச் சாவியை மாரிச்செல்வி மெல்ல உருவினாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

விடிகாலையில், அடுப்படியை ஒட்டிய பின்னறையில், படுத்த பாயிலேயே ஆவுடையம்மாள் போய்விட்டிருந்தாள். சாரல் தொடங்கினால் குடும்பம் அந்த அறைக்குள்தான் ஒடுங்கும். முன்வீடு குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்குப் போய்விடும். கூடத்து ஜன்னலில் மலை தெரியும். அருவிச் சத்தம் கேட்கும். “ஒரு சாரலுக்காவது அந்த ஜன்னலைத் தெறந்துபோட்டுப் படுக்கணும்ட்டி” என்பாள் அம்மா. சாரல் இருக்கும்வரை வீட்டில் ஆள் இருக்கும். ஆள் போகும்போது சாரலும் போய்விடும். இடையில் ஒருநாள் வீடு காலியானாலும், மெத்தை நனைந்துவிடும் என்று முதல் வேலையாக அந்த ஜன்னலைத்தான் சாத்தச் சொல்வாள்.

“இங்கனயே கெடத்திருவோம்,” என்றான் அண்ணன் வேல்ராஜ்.

“கூடத்துலதான் கெடத்தணும்.”

“அப்ப போய்த் தெற. சாவி கையிலதான இருக்கு?”

முன்வீட்டில் தங்கியிருந்த விருதுநகர்க் குடும்பம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தது. வேல்ராஜ் அழைத்தபோது அவர்களுடைய போன் பூட்டிய வீட்டுக்குள்தான் மணியடித்தது.

மாரிச்செல்வி பூட்டில் சாவியை நுழைத்தாள். திருப்ப மனம் வரவில்லை. வாடகைக்கு விட்ட வீட்டை, ஆள் வெளியே போயிருக்கும்போது அம்மா திறந்ததே கிடையாது. ஒருமுறை உள்ளே குழாயைத் திறந்துபோட்டுப் போய்விட்டார்கள். வாசல்வரை தண்ணீர் வந்தும், தொட்டி வால்வை அடைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சாவியை உருவிக்கொண்டு மாரிச்செல்வியும் படியில் உட்கார்ந்தாள்.

மேலகரத்துச் சித்தி வந்ததும் சத்தம் போட்டாள். “பெத்தவள அடுப்படியில போட்டுட்டு இங்கன காவலா காக்குத? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?”

பத்து மணிக்கு வேன் வந்தது. ஈரத்தலையும் சிரிப்புமாக இறங்கியவர்கள் கூட்டத்தைக் கண்டு நின்றார்கள்.

“அம்மா காலையில தவறிட்டாக்கா,” என்றாள் மாரிச்செல்வி. “கூடத்துல கெடத்தணும். நீங்க சரின்னு சொன்னா...”

முன்னால் நின்ற விருதுநகர்ப் பெண் அவள் கையைப் பார்த்தாள். “சாவி வச்சிருக்கேல்ல? தெறந்திருக்க வேண்டியதுதானம்மா.”

“அம்மா விட மாட்டா.”

அந்த அக்கா தன்னிடமிருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள். உள்ளே போய்க் கொடியில் கிடந்த துணிகளை வாரிச் சுருட்டினாள். அவள் கணவரும் வேல்ராஜும் கட்டிலை நகர்த்தினார்கள். ஆவுடையம்மாளைத் தூக்கிவந்து ஜன்னலோரம் கிடத்தினார்கள்.

காற்று திரும்பி, திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சாரல் கூடத்துக்குள் அடித்தது. மாரிச்செல்வி பதறி எழுந்து ஓடி ஜன்னல் கதவைப் பிடித்தாள்.

அம்மாவின் நெற்றியில், திருநீற்றின்மேல், பொடிப்பொடியாக நீர் பூத்திருந்தது.

கதவை இன்னும் விரியத் தள்ளி, கொக்கியை மாட்டினாள்.