எந்தப் பக்கத்துப் பிழை

விலங்கியல் ஆசிரியர் பல வருஷமாகக் குன்றல் பகுப்புப் பாடம் நடத்தியவர். குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரியும் பாடத்தை அவர் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார் என்று மாணவர்கள் கிண்டலடிப்பார்கள். அவருக்கே பிறந்த மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று முடிவு வந்தபோது மருத்துவர் விளக்க ஆரம்பித்தார். "தெரியும் டாக்டர்" என்றார் இவர். தெரிந்திருந்தது ஒரு துளிகூட உதவவில்லை.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தொட்டிலை எட்டிப் பார்த்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த தம்பி மனைவியை மேலும் கீழும் பார்த்தாள். "நம்ம வம்சத்துல இப்படி யாருமே இல்லையேடா" என்றாள்.

மனைவிக்கு வக்காலத்து வாங்கத்தான் ஆசிரியர் வாயைத் திறந்தார். பாடம்தான் வந்தது. விரல்களைக் கோத்துப் பிரித்துக் காட்டினார். "இது வம்சத்துல வந்ததில்லக்கா. கருமுட்டை உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியும் பிரிஞ்சு தனித்தனிப் பக்கம் போகணும். இருபத்தொண்ணாவது ஜோடி பிரியாம ஒரே பக்கம் போயிடுச்சுன்னா, அப்பாகிட்டேர்ந்து வர்றதோட சேர்ந்து மூணாயிடும். யார் தப்பும் இல்ல, தற்செயல்."

அத்தனை விளக்கத்தில் அக்கா ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாள். "முட்டைன்னா அவ பக்கம்தானே?"

மனைவி அவரை முறைத்தாள். "உங்களை யாரு பாடம் எடுக்கச் சொன்னா?"

ஆசிரியர் அக்கா பக்கம் திரும்பினார். பெரும்பாலும் கருமுட்டையில், எப்போதாவது விந்தணுவில் என்பதுதான் சரியான விடை. இங்கே எது என்று யாரும் சோதிக்கவில்லை. அரை மதிப்பெண்ணைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், தெரியாத விடையைத் தெரிந்ததுபோலச் சொன்னார்.

"பொதுவா அப்படித்தான். எங்களுக்கு மட்டும் என் பக்கத்துலேர்ந்து."

"நம்ம பக்கமா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா. இதெல்லாம் தானா நடக்குறது. யாரு என்ன பண்ண முடியும்?"

இத்தனை சீக்கிரம் பாடம் புரிந்த ஆளை ஆசிரியர் பார்த்ததே இல்லை.

அக்கா கிளம்பிப் போனதும் மனைவி மெல்லக் கேட்டாள். "நிஜமாவே உங்க பக்கமா?"

"தெரியாது."

"அடப்பாவி மனுஷா!" தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. ஆசிரியர் பதறிப்போய்த் தூக்கினார். துவண்ட தலை அவர் கையிலிருந்து நழுவியது.

"கழுத்தைத் தாங்கிப் பிடிங்க" என்றாள் மனைவி. "இப்படி இல்ல. கொண்டாங்க, காட்டறேன்."