கொடைக்கானலில் காயாத சேலை

எங்கள் அம்மா அற்புதமணிக்கு வெயில்மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. தூத்துக்குடி மில்லர்புரத்து வீட்டுக் கொடியில் சேலையைப் போட்டுவிட்டு, உலையில் போட்ட அரிசியை வடிப்பதற்குள் அதை எடுத்து மடித்துவிடுவாள். அந்த நம்பிக்கையோடுதான் 1974 மே மாதம் கொடைக்கானலுக்குப் புறப்பட்டாள். எனக்கு எட்டு வயது, தம்பி கிளாட்வினுக்கு ஐந்து.

துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்த அப்பாவுக்கு பஹ்ரைனில் வேலை கிடைத்திருந்தது. ஜூனில் போனால் திரும்ப மூன்று வருஷமாகும். அதற்கு முன் பிள்ளைகளுக்கு மலையைக் காட்ட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அம்மாவின் ஆசை வேறு. ஏரிக்கரையில் நான்கு பேருமாக ஒரு போட்டோ எடுத்து அப்பாவின் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். வீட்டில் இருந்த ஒரே போட்டோ கல்யாணத்தன்று எடுத்தது. அதில் அழுது வீங்கிய முகத்தோடு இருப்பாள்.

"அந்த மூஞ்சியவா அங்கன கொண்டுபோய்ப் பாப்பிய?" என்று அப்பாவைக் கேட்பாள்.

இதற்கென்றே மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை எடுத்தாள். அதே நிறத்தில் எனக்குக் கவுனும் தம்பிக்குச் சட்டையும் அவளே தைத்தாள்.

வழியில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மாசிக் கருவாட்டுச் சம்பல் டப்பா ஒன்றும் வந்தது. அதை டிரங்குப் பெட்டிக்குள் வைத்தது யார் என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. மலைப்பாதை வளைவுகளில் நானும் தம்பியும் மாறி மாறி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் டப்பா கவிழ்ந்துவிட்டது. அறையில் பெட்டியைத் திறந்தால் புதுத்துணி முழுக்க எண்ணெயும் மீன் வாடையும்.

அம்மா அசரவில்லை. பெட்டியில் இருந்ததையெல்லாம், எங்கள் உடம்பில் கிடந்ததையும் சேர்த்து உருவி, சோப்புப் போட்டுத் துவைத்துத் தள்ளிவிட்டாள். விடுதிக் காவல்காரர் பார்த்துவிட்டு, "இங்க துணி லேசுல காயாதும்மா" என்றார்.

"தூத்துக்குடிக்காரிக்குத் துணி காயப்போடச் சொல்லித் தாராரு" என்று அப்பாவிடம் முணுமுணுத்தாள்.

அன்று சாயங்காலமே மூடுபனி இறங்கியது. மறுநாள் முழுக்கத் தூறல். தப்பியது அப்பாவின் ரெக்சின் பையில் இருந்த சட்டைகளும், அம்மா பஸ்ஸில் கட்டி வந்த சாயம்போன சேலையும்தான். நானும் தம்பியும் அப்பாவின் சட்டைகளைப் போட்டுக்கொண்டு, கைகள் தொங்கத் தொங்க, கரியடுப்பு முன்னால் அப்பா மடியில் கிடந்தோம். அப்பா வேர்க்கடலை உடைத்து உடைத்துக் கொடுத்தார். அதைவிட நல்ல விடுமுறை எனக்கு அப்புறம் வாய்க்கவேயில்லை. அம்மா மட்டும் ஈரச் சேலையை அடுப்பருகில் திருப்பித் திருப்பிப் பிடித்தபடியே இருந்தாள். பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் ஊர் திரும்பப் பஸ். எங்களை அப்படியே ஏரிக்கரைக்கு அப்பா கூட்டிப்போனார். வழியிலாவது வெயிலடிக்காதா என்று அம்மா மஞ்சள் சேலையைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தாள். வெயில் வரவில்லை. போட்டோக்காரர் எங்களை நிறுத்தினார்.

"ஏளா அற்புதம், வந்து நில்லு. சேலையில என்ன இருக்கு?"

"மூணு வருசம் இந்தக் கோலத்துலயா என்னைய பாக்கப் போறிய? நான் மாட்டேன். பிள்ளைகளோட நீங்க நில்லுங்க."

அப்பா மூன்று தரம் கூப்பிட்டார். பிடிவாதத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது.

போட்டோ தபாலில் வந்தது. நடுவில் அப்பா. இரு பக்கமும் சட்டைக்குள் முங்கிப்போன நாங்கள். வலது ஓரத்தில், ஈரச் சேலையைப் பிடித்தபடி இரண்டு வளையல் போட்ட ஒரு கை மட்டும். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினாள். அதற்குள் அப்பா போட்டோவை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

1977-இல் அவர் திரும்பி வந்த அன்று, நாங்கள் பொம்மைகளைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்தோம். போட்டோ விழுந்தது. எங்கள் முகங்கள் அப்படியே பளபளவென்று இருந்தன. வலது ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது, வளையலே தெரியவில்லை.

"இந்த ஓரம் மட்டும் ஏங்க இப்படித் தேஞ்சு கெடக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"அங்கனதான நீ நின்ன" என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய், அதுவரை ஒரு நாள்கூடக் கட்டாமல் வைத்திருந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.